ஒரு தாளில் பதினோரு உத்தரவு

கடுதாசி கைக்கு வந்து அரை மணி நேரம் ஆகிவிட்டது. ஆறுமுகசாமி அதை நேராகப் பிடித்துப் பார்த்தார், வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டும் பார்த்தார். ஒன்பது வரி. ஒன்பதும் மலையாளம். அடியில் ஊதா நிறத்தில் வட்டமாக ஒரு சீல். அந்த வட்டம் ஒன்றுதான் அவருக்குப் புரிந்தது.

கொண்டுவந்தவனைக் கேட்கலாமென்றால் அவன் நின்றால்தானே? காக்கிச் சட்டை போட்ட ஏதோ ஒரு பியூன் சைக்கிளில் வந்து மில் கேட்டைத் தள்ளியதுதான் தாமதம், காவல் நாய் சிப்பாய் பாய்ந்துவிட்டது. அந்த ஆள் தாளை உள்ளே வீசினான், சைக்கிளைத் திருப்பினான், ஒற்றைச் செருப்பை விட்டுவிட்டு வேலந்தாவளம் ரோட்டில் மறைந்தே போனான்.

"இது எந்த ஆபீசு சீலு, குப்பண்ணா?" என்று கணக்கப்பிள்ளையைக் கேட்டார்.

குப்பண்ணன் எட்டிப் பார்த்தான். "சர்க்கார் சீலுங்க."

"அது எனக்குத் தெரியாதா? எந்த ஆபீசுன்னு கேட்டேன்."

"வட்டமா இருக்குதுங்களே. வட்டமா இருந்தாப் பெரிய ஆபீசாத்தான் இருக்கோணும்."

குப்பண்ணனைக் குறை சொல்லிப் பயனில்லை. முதலாளியும் கணக்கப்பிள்ளையும் ஒரே பள்ளிக்கூடத்துச் சரக்கு. மாநிலத்தைப் பிரித்தபோது ஆறுமுகசாமியின் காடும் தோப்பும் கேரளத்துப் பக்கம் விழுந்துவிட்டன. படிப்பு பொள்ளாச்சியோடு நின்றுவிட்டது. இருபது வருஷமாக மலையாளத்தில் வரும் தாளையெல்லாம் பாலக்காட்டுச் சித்தூருக்கு அனுப்பி, பத்திரம் எழுதுகிறவரிடம் படித்துக் கேட்டுக்கொள்வதுதான் வழக்கம். இந்தத் தாளை அப்படி அனுப்ப அவருக்குத் துணிச்சல் வரவில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

அது எழுபத்தாறாம் வருஷம், எமர்ஜென்சிக் காலம். ஆபீசர் தும்மினால் ஊரே எழுந்து நிற்கும். போதாக்குறைக்கு, தண்ணீரைக் கெடுக்கிற கம்பெனிகளைப் பிடிக்கப் புதுச் சட்டம் வந்திருக்கிறது, போர்டு போட்டிருக்கிறார்கள், பூட்டும் கையுமாக அலைகிறார்கள் என்று சந்தையில் பேச்சு. பேச்சைக் கேட்ட நாளிலிருந்து ஆறுமுகசாமிக்குச் சோறு இறங்கவில்லை. இறங்காதுதான். அவருடைய மில் என்ன மில்? கிழங்கு மில். மரவள்ளிக் கிழங்கை உரித்து, அரைத்து, கழுவிக் கழுவி மாவு எடுத்தால், கோயம்புத்தூர் நெசவு மில்காரர்கள் நூலுக்குக் கஞ்சி போட வாங்கிப் போவார்கள். மாவு வெள்ளை வெளேர் என்று கோயம்புத்தூர் போகும். கழுவின தண்ணீர் பின்பக்கமாகப் பள்ளத்துக்குப் போகும். காலையில் பால் மாதிரி போகிற தண்ணீர் மறுநாள் கறுத்து, புளித்து, குடலைப் புரட்டும். அந்தப் பள்ளத்தின் கரையில், பள்ளக்காட்டில், எட்டு வீடுகள். எட்டு வீட்டுக்கும் ஒரே கிணறு.

"மலையாளம் படிக்கத் தெரிஞ்ச ஆளு மில்லுல யாராச்சும் இருக்கறாங்களா?"

"கெழங்கு உரிக்கற சிசிலி இருக்குதுங்க. கன்னியாஸ்திரி பள்ளிக்கூடத்துல ஏழாவது வரைக்கும் மலையாளம் படிச்சதுங்க. பள்ளக்காட்டு எட்டு ஊட்டுல ஒரு ஊடு."

சிசிலி கையில் ஒட்டிய கிழங்குத் தோலை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். முப்பத்தைந்து வயது. பேச்சு குறைவு, பார்வை ஜாஸ்தி.

ஆறுமுகசாமி கதவைச் சாத்தச் சொன்னார். குரலைத் தணித்தார். "அம்மிணி, இதைப் படி. வெளிய மூச்சு உடக்கூடாது. தண்ணியைப் பத்தித்தானே எழுதியிருக்குது? பள்ளத்துத் தண்ணியைப் பத்தித்தானே?"

சிசிலி தாளை வாங்கினாள். ஒன்பது வரியையும் பார்த்தாள். முதலாளியின் முகத்தைப் பார்த்தாள். வேர்த்து வழிந்துகொண்டிருந்தது. மறுபடியும் தாளைப் பார்த்தாள்.

"ஆமாங்க முதலாளி," என்றாள். "தண்ணியைப் பத்தித்தானுங்க."

"நெனச்சேன்! மில்லைப் பூட்டறாங்களா?"

"ஆறு மாசம் தவணை குடுத்திருக்கறாங்க. மில்லுத் தண்ணி பள்ளத்துல போகக்கூடாதாமுங்க. மீறிப் போனா அப்பறந்தான் பூட்டு."

ஆறுமுகசாமி நாற்காலியில் உட்கார்ந்தார். எட்டு வருஷத்துக்கு முன்னால், அப்பன் விட்டுப்போன காட்டை விற்றுக் கட்டிய மில் அது. நாற்பது பேர் வேலை பார்க்கிற இடம். தாளை நாலாக மடித்து இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். பூட்டிவிட்டு, ஒரு சாமர்த்தியசாலி என்ன செய்வானோ அதைச் செய்தார். கண்ணுக்குத் தெரிந்தால்தானே தண்ணீர் போகிறது என்பார்கள்? சாக்கடை முழுவதையும் கற்பலகை போட்டு மூடிவிட்டார்.

மூன்றாம் நாள் பலகைக்கு அடியில் திப்பி அடைத்துக்கொண்டது. திப்பி என்றால் மாவு எடுத்த பிறகு மிஞ்சுகிற கிழங்குச் சக்கை. ஊறினால் களிமண் தோற்றுவிடும். போக வழியில்லாத தண்ணீர் வந்த வழியே திரும்பியது. காலையில் வேலைக்கு வந்தவர்கள் முழங்கால் அளவு புளித்த தண்ணீரில் நின்றார்கள். களத்தில் காய வைத்திருந்த மாவு கூழாகிவிட்டது. குப்பண்ணன் ஒரு முக்காலிமேல் ஏறி நின்றுகொண்டு, "முதலாளி, ஆபீசு மெதக்குதுங்க!" என்று கத்தினான்.

"சிசிலியைக் கூப்பிடு. மூடறதைப் பத்தி அதுல ஏதாச்சும் போட்டிருக்குதான்னு பாக்கோணும்."

பெட்டி திறந்தது. சிசிலி படித்தாள். "நாலாவது உத்தரவுங்க. சாக்கடையை மூடி மறைக்கக்கூடாது."

"அட கெரகமே! இதை அன்னிக்கே ஏன் படிக்கலே?"

"அன்னிக்குப் பெரிய எழுத்தைப் படிச்சனுங்க. இது பொடி எழுத்துங்க."

ஆறுமுகசாமி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தான் மூடப்போவது எழுதினவனுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறதே! சரி, மூடக்கூடாது, அவ்வளவுதானே? பள்ளத்துக்குப் போனால்தானே குற்றம்? என் தோப்புக்குள் விட்டுக்கொண்டால் எவன் கேட்பான்? வாய்க்காலை வெட்டித் தண்ணீரைத் தன்னுடைய தென்னந்தோப்புக்குத் திருப்பினார்.

தோப்பின் நடுவில்தான் அவருடைய வீடு. ஒரே வாரத்தில் சாணி கரைத்துத் தெளித்தாலும் சாம்பிராணி போட்டாலும் அடங்காத வாடை வீட்டுக்குள் வந்து குடியேறியது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டார்கள். மனைவி சரஸ்வதியம்மாள் மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டே பரிமாறினாள்.

"ஏனுங்க, இது ஊடா, மாட்டுத் தொட்டியா?"

"கொஞ்ச நாளைக்குப் பொறுத்துக்க, சரசு."

"நான் பொறுத்துக்கறனுங்க. என்ற பொறந்தவன் நேத்து வாசப்படியோட திரும்பிப் போயிட்டான். எட்டு வருசமா பள்ளக்காட்டுச் சனம் இந்த நாத்தத்துலதான் குடியிருந்துதுங்களா?"

ஆறுமுகசாமிக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. மில்லுக்கு வந்துவிட்டார். வந்ததும், "சிசிலி!"

"ஆறாவது உத்தரவுங்க," என்றாள் சிசிலி. "பக்கத்துத் தோப்பு, சொந்தத் தோப்பு, எங்கயும் திருப்பி உடக்கூடாது."

"சொந்தத் தோப்புன்னே எழுதியிருக்குதா?"

"எழுதியிருக்குதுங்க. இதா, இந்த வரி."

அவர் அந்த வரியை உற்றுப் பார்த்தார். ஜிலேபி பிழிந்த மாதிரி இருந்தது. சொந்தத் தோப்பு என்று எழுதியிருக்கலாம்.

வாய்க்காலைப் பழையபடி பள்ளத்துக்கே திருப்பினார். அடுத்தது பினாயில். தண்ணீரைத்தானே தடுக்க முடியவில்லை, வாடையையாவது கொல்லுவோம் என்று டின் டின்னாக வாங்கி மாவு கழுவுகிற தொட்டியில் ஊற்றினார். கோயம்புத்தூர் மில்லிலிருந்து இரண்டு லாரி மாவு அப்படியே திரும்பி வந்தது. நூல், துணி, பாவு எல்லாம் ஆஸ்பத்திரி வாசம் அடிக்கிறதாம். நெய்கிறவர்களுக்குத் தலைசுற்றலாம்.

"ஏழாவது உத்தரவு," என்று ஆறுமுகசாமியே ஆரம்பித்தார், "பினாயில் ஊத்தக்கூடாது. அதுதானே?"

"வாசனைத் திரவியம்னு பொதுவாப் போட்டிருக்குதுங்க," என்றாள் சிசிலி.

குப்பண்ணன் தலையைச் சொறிந்தான். "முதலாளி, ஒம்பது வரிதானுங்களே இருக்குது. உத்தரவு இப்பவே ஏழு ஆயிப்போச்சு. இன்னும் இருக்குதுங்குது."

"மலையாளத்துல சுருக்கமா எழுதுவாங்க," என்றாள் சிசிலி, முகத்தில் ஒரு சுளிப்பு இல்லாமல். "தமிழ்ல சொன்னா நீளுமுங்க."

குப்பண்ணன் அதை ஒத்துக்கொண்டான். தெரியாத பாஷையைப் பற்றி யார் என்ன சொன்னாலும் ஒத்துக்கொள்ள வேண்டியதுதான்.

"செரி," என்றார் ஆறுமுகசாமி களைத்துப்போய். "எதைப் பண்ணக்கூடாதுன்னு கேட்டாச்சு. எதைப் பண்ணோணும்னு ஒரு வார்த்தையாச்சும் போட்டிருக்கறாரா அந்த மகராசன்?"

"போட்டிருக்கறாருங்க. எட்டாவது. வரிசையா மூணு குழி வெட்டி, சுண்ணாம்பு பூசி, ஒண்ணுல நின்னு தெளிஞ்சு ஒண்ணுக்குப் போகோணும். ஒம்பதாவது, திப்பியைப் பள்ளத்துல கொட்டாம, காயப் போட்டு மாட்டுக்குக் குடுக்கோணும்."

"பத்தாவது?"

சிசிலி தாளை இறக்கினாள். முதலாளியை நிமிர்ந்து பார்த்தாள். "பத்தாவது... வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை, பள்ளக்காட்டுக் கெணத்துத் தண்ணியில ஒரு டம்ளரு, முதலாளி அங்கயே நின்னு குடிக்கோணுமுங்க. எட்டு ஊட்டுச் சனமும் பாக்க."

குப்பண்ணன் மெல்லக் கதவுப் பக்கம் நகர்ந்தான்.

"வேற ஆளு குடிக்கலாமான்னு பாரு. கணக்கப்பிள்ளை மாதிரி."

"முதலாளின்னுதானுங்க எழுதியிருக்குது," என்று குப்பண்ணன் முந்திக்கொண்டான்.

அந்த வெள்ளிக்கிழமை ஆறுமுகசாமி வெள்ளை வேட்டி கட்டி, திருநீறு பூசி, தூக்குக்குப் போகிறவர் மாதிரி பள்ளக்காட்டுக்குப் போனார். எட்டு வருஷத்தில் அவர் அந்தப் பக்கம் காலெடுத்து வைத்தது அன்றுதான். எட்டு வீட்டுச் சனமும் கிணற்றைச் சுற்றி நின்றது. என்ன விஷயம் என்று சிசிலியைத் தவிர யாருக்கும் தெரியாது. முதலாளி தண்ணீர் கேட்கிறார், அவ்வளவுதான். நாச்சம்மாள் என்கிற வயசான அம்மா பித்தளை டம்ளரைப் புளி போட்டு விளக்கி, தண்ணீர் சேந்தி, இரண்டு கையாலும் நீட்டினாள்.

டம்ளர் மூக்குக்குக் கிட்டே வந்ததும் அவருக்குக் கண் கலங்கியது. ஒரு வாய் விழுங்கினார். அது திரும்பி வரப் பார்த்தது. தொண்டையைப் பிடித்து உள்ளே அனுப்பினார்.

"இதையாம்மா குடிக்கறீங்க?"

"வேற எதைக் குடிக்கறதுங்க சாமி?" என்றாள் நாச்சம்மாள். கோபமாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள்.

ஆறுமுகசாமி மிச்சத்தையும் குடித்தார். அப்புறம் மூன்று நாள் அவர் படுக்கைக்கும் கொல்லைக்குமாக நடந்தார். நாலாம் நாள் மெலிந்த முகத்தோடு மில்லுக்கு வந்து, "குழி வெட்ட ஆளைக் கூப்பிடு" என்றார். வெட்கமாக இருந்தது அவருக்கு. வெட்கத்தை யாரிடமும் காட்டத் தெரியாததால் எல்லோரையும் சத்தம் போட்டார்.

மூன்று குழிக்கும் அவரே கயிறு பிடித்து அளந்தார். ஒரு மழையில் ஒரு குழி சரிந்தது. கருங்கல் வைத்துக் கட்டினார். இரண்டாவது வெள்ளிக்கிழமை இன்னொரு டம்ளர், இரண்டு நாள் படுக்கை. பதினோராவது உத்தரவை எழுந்து உட்கார முடியாமல் படுத்துக்கொண்டே கேட்டார். கிணறு தெளிகிற வரைக்கும் முதலாளி வீட்டுக் கிணற்றிலிருந்து எட்டு வீட்டுக்கும் குழாய் போட்டுத் தண்ணீர் விட வேண்டுமாம். "போடு, போடு, அதையும் போடு," என்று முனகினார். சரஸ்வதியம்மாள்தான் மோட்டார் போடும்போதெல்லாம் பக்கத்தில் நின்று பள்ளக்காட்டுக்குத் தண்ணீர் ஏறுகிறதா என்று ஆளை அனுப்பிப் பார்த்தாள்.

ஐப்பசி மழை பள்ளத்தைக் கழுவிவிட்டது. கார்த்திகையில் டம்ளர் குடித்த பிறகு ஒரே ஒரு தடவைதான் கொல்லைக்குப் போனார். மார்கழி இரண்டாவது வெள்ளிக்கிழமை குடித்துவிட்டு அப்படியே நின்றார். ஒன்றும் நடக்கவில்லை. புளிப்பு இல்லை, வாடை இல்லை. வெறும் தண்ணீர். குளிர்ச்சியான, நல்ல தண்ணீர்.

"இன்னொரு டம்ளரு குடும்மா," என்றார்.

நாச்சம்மாள் சிரித்துவிட்டாள். சுற்றி நின்ற எட்டு வீடும் சிரித்தது. ஆறுமுகசாமி மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முகத்தில் தண்ணீர் சிந்தியிருக்கவில்லை.

அதிசயம் அதோடு நிற்கவில்லை. குழியின் அடியில் வாராவாரம் வெண்ணெய் மாதிரி மாவு படிந்தது. எட்டு வருஷமாகப் பள்ளத்தோடு போய்க்கொண்டிருந்த அத்தனையும் அவருடைய மாவுதான்! திப்பிக்கு மாட்டுக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். வீட்டு ஜன்னல்கள் திறந்தன. மச்சினன் வந்து நாலு நாள் தங்கி, விருந்து போதாது என்று குறை சொல்லிவிட்டுப் போனான். பள்ளத்துப் பக்கமே தலைவைத்துப் படுக்காத சிப்பாய்கூட அங்கே போய் நக்கி நக்கிக் குடித்தது.

தை பிறந்தது. பள்ளக்காட்டுச் சனம் அந்தக் கிணற்றுத் தண்ணீரில் பொங்கல் வைத்து, முதல் பானையை மில் களத்துக்கு எடுத்து வந்தது. நாச்சம்மாள் முன்னால் வந்து, "நல்லா இருக்கோணும் சாமி நீங்க. எங்க கொழந்தைக இனி நல்ல தண்ணி குடிக்கும்," என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஆறுமுகசாமி பதறிப்போய் அவள் கையைப் பிடித்து இறக்கினார். "எனக்குக் கும்பிடாதீங்கம்மா, எனக்கு அந்த யோக்கியதை இல்லே. கும்பிடறதா இருந்தா இவரைக் கும்பிடுங்க!"

இவர் என்று அவர் காட்டியது கடுதாசியை. கோயம்புத்தூருக்கு அனுப்பிக் கண்ணாடிச் சட்டம் போட்டு, களத்தில் ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்து, சந்தனம் வைத்து, சாமந்தி மாலையும் போட்டிருந்தார்.

"எந்த ஆபீசரோ எனக்குத் தெரியாது. பேரு தெரியாது, ஊரு தெரியாது," என்றார். "ஆனா என்ற மனசுல என்ன திருட்டுத்தனம் இருக்குதுன்னு எனக்கு முன்னாடியே தெரிஞ்சு, ஒண்ணொண்ணுக்கும் தடை போட்டு எழுதியிருக்கறாரு. அவரு மட்டும் எழுதலைன்னா நான் செத்தாலும் திருந்தியிருக்க மாட்டேன். மகராசன், நூறு வருசம் இருக்கோணும்! படிச்சுச் சொன்ன சிசிலிக்கும் ஒரு கும்பிடு!"

"நானு என்னதுங்க பண்ணினேன்," என்றாள் சிசிலி தரையைப் பார்த்துக்கொண்டு. "உங்க மொகத்தைப் பாத்துப் பாத்துப் படிச்சனுங்க."

அப்போது கேட்டுப் பக்கம் சிப்பாய் குரைத்தது. சும்மா குரைக்கவில்லை, பாய்ந்து பாய்ந்து குரைத்தது. காக்கிச் சட்டை ஒன்று சைக்கிளைப் போட்டுவிட்டு மதில் சுவர்மேல் தாவி ஏறி உட்கார்ந்தது. ஆறு மாசத்துக்கு முன்னால் செருப்பை விட்டுப்போன அதே ஆள்.

"அட, கடுதாசி கொண்டாந்த புண்ணியவான்!" என்று ஆறுமுகசாமி இன்னொரு மாலையைத் தூக்கிக்கொண்டு மதிலுக்கு ஓடினார். "எறங்குங்க, எறங்குங்க! பொங்கல் சாப்பிடுங்க! உங்க ஆபீசருகிட்டப் போயிச் சொல்லுங்க, கடுதாசியில போட்டிருந்ததை ஒண்ணு உடாமப் பண்ணிப்போட்டேன்!"

சிசிலி காலிப் பானையை எடுத்துக்கொண்டு கிழங்குக் கொட்டகைப் பக்கம் வெகு அவசரமாக நடந்தாள்.

மதில்மேல் இருந்தவன் இரண்டு காலையும் மேலே இழுத்துக்கொண்டு, மாலை போட்ட சட்டத்தைப் பார்த்தான், கீழே எகிறிக்கொண்டிருந்த சிப்பாயைப் பார்த்தான், முதலாளியைப் பார்த்தான்.

"என்னத்தைங்க பண்ணினீங்க? பஞ்சாயத்து நோட்டீசுல நாங்க எழுதுனதே ஒரே ஒரு காரியந்தானுங்க, நாயைக் கட்டிப் போடுங்கன்னு. ஆறு மாசமா அதை மட்டுந்தானுங்க முதலாளி நீங்க பண்ணவே இல்லே!"